மாவுக் காப்ஸ்யூலில் ஒரு சிட்டிகை

தராசக்காவுக்கு நான் ஏழு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தேன். மாதத்துக்கு ஒன்பது பெரிய நோட்டு, ஆக அறுபத்துமூன்று. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மூட்டை தூக்கினேன், சைக்கிளில் பொடி விற்றேன், இன்று என் கூரைக்குக் கீழே பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். என் படம் மூன்று பத்திரிகையில் வந்திருக்கிறது. ஒன்றில் பாதி முகம்தான் விழுந்தது, ஆனாலும் அது என் முகம்தான். தராசக்காவின் படம் எதிலும் வந்ததில்லை. அதனால் அவளைப் பற்றி நானே உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சகத்துக்காரர் பார்த்துக்கொள்வார்.

என் சரக்கு ஒரு வேர். பேரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காயவைத்து, அரைத்து, சலித்து, காப்ஸ்யூலில் அடைத்துத் தூக்கம் வராதவர்களுக்கு விற்கிறேன். அதன் வாசனை ஈரச் சாக்கும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்த மாதிரி, அதற்கும் அடியில் எங்கேயோ ஒரு துளி தேன். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு உயரத்துக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து இறங்கும்போது பொடி காற்றில் நின்றுகொண்டே இருக்கும், கீழே விழ அதற்கு மனசே வராது. சல்லடைச் சத்தம் தூரத்தில் யாரோ ஈர மணலில் நடப்பது போலக் கேட்கும். கணக்கு எழுதுகிறவரின் பேனா வரியை விட்டு இறங்கி ஓரத்தில் போய் நிற்கும். ஒருநாள் கையெழுத்து வாங்க வந்த தபால்காரர் மூட்டையில் சாய்ந்தவர், ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, தன்னை யாராவது தேடினார்களா என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்து வாங்காமலே போனார்.

அந்தக் கிறக்கத்துக்கு நடுவில் கை மட்டும் தூங்காத ஒருத்தி தராசக்கா. கண் பாதி மூடியிருக்கும், தலை லேசாக ஆடும், விரல்கள் தம் பாட்டுக்குப் பொடியை அள்ளும். அள்ளியதைத் தராசில் போட்டால் முள் நடுவில் நிற்கும். அதனால்தான் அந்தப் பேர். என்னிடம் வருவதற்கு முன்னால் அவள் ஒரு பேக்கரியில் மாவு பிரித்து உருட்டிக்கொண்டிருந்தாள். பன்னுக்கு இரண்டு கிராம் குறைத்துப் பிடிக்கச் சொன்னார்களாம். இவளும் முயன்று பார்த்தாள், ஆனால் கை பழைய எடைக்கே போயிற்று. ஒரு வாரம் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். நான் சேர்த்துக்கொண்டேன். ஆளை எடை போடுவதில் எனக்கு நிகர் நான்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அடைத்த ஒரு காப்ஸ்யூலாவது எடை குறைந்தது என்று கடைக்காரர் யாரும் வாய் திறந்ததில்லை.

அவள் புருஷன் பஸ் கண்டக்டராக இருந்தவர். முப்பது வருடம் ஓடுகிற வண்டியில் நின்றே முட்டி இரண்டும் தேய்ந்துபோயின. அவர்கள் வீடு நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. எட்டு மாதமாக மனுஷன் தெருவில் கால் வைக்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கயிற்றில் கூடை கட்டி இறக்கி, காய்கறியும் பேப்பரும் வாங்கிக்கொள்வார். அதே கட்டடத்தில் தரைத்தளத்துக்காரர்கள் வருடக் கடைசியில் காலி செய்வதாக இருந்தது. வருடம் முடிவதற்குள் முன்பணம் வந்தால் வீடு கண்டக்டருக்கு, வராவிட்டால் டயர் வைத்துக்கொள்ள பஞ்சர் கடைக்காரருக்கு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

முன்பணம் சேர்க்க தராசக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். சம்பளம் கையில் வந்தால் கரைந்துபோகும், அதனால் என்னிடமே இருக்கட்டும் என்று மூன்று மாதம் விட்டுவைத்தாள். என் பெட்டியை அவள் பேங்க் என்று நினைத்தாள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஐம்பது கிளை உள்ள ஒரு மருந்துக் கடைக் கம்பெனி என் வேரைக் கேட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த தாள் வேண்டும் என்றது. நான் போனேன். தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார், மெலிந்த உருவம், குரல் மட்டும் கனம். முப்பது வருடமாக ஊரே என் வேரைத் தின்றுவிட்டுத் தூங்குகிறது, இதற்கு மேல் என்ன சாட்சி என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“தூக்கம் உங்க வேரால வருதா, வேர் தின்னுட்டோம்ங்கிற நெனப்பால வருதான்னு பாக்கணும் ஐயா,” என்றார். “எண்பது பேர். பாதிப் பேருக்கு வேர், பாதிப் பேருக்கு வெறும் மாவு. எது யாருக்குன்னு அவங்களுக்கும் தெரியாது, குடுக்கற நர்ஸுக்கும் தெரியாது.”

என் பேரில் வெறும் மாவா என்று எனக்கு மூக்கு வரை கோபம் வந்தது. ஐம்பது கிளையை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

மாவுக் காப்ஸ்யூல் பார்வைக்கும் எடைக்கும் வாசனைக்கும் வேர்க் காப்ஸ்யூல் மாதிரியே இருக்க வேண்டும். நிறத்துக்குக் கருகாமல் வறுத்த கிழங்கு மாவு. வாசனைக்கு, வேர் வைத்திருந்த டின்னில் ஒரு வாரம் போட்டு மூடிவைக்கச் சொன்னார் டாக்டரம்மா. இந்த வேலையை தராசக்காவைத் தவிர வேறு யாரிடம் கொடுப்பேன்? அவள் இரண்டு டின் நிரப்பிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அதை எண்பது பாட்டிலாகப் பிரித்து எண் ஒட்டினார்கள். எந்த எண்ணுக்குள் எது என்ற பட்டியல் அரக்கு வைத்த உறைக்குள் போயிற்று. இரத்தச் சோதனை, நர்ஸ் சம்பளம், எண்பது பேருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் என் தலையில். பெட்டி காலியானது. அதில் தராசக்கா விட்டுவைத்ததும் சேர்ந்து போயிற்று. நான்காவது மாதச் சம்பளத்தையும் கொடுக்க முடியவில்லை. தாள் வந்ததும் கம்பெனி முன்பணம் தரும், மொத்தமாக வாங்கிக்கொள் என்றேன். சரிண்ணே என்றாள்.

ஆறு வாரம். எண்பது பேரும் தினம் காலையில் ஒரு நோட்டில் எழுதினார்கள், எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது கண் அயர்ந்தேன், எத்தனை தரம் முழித்தேன் என்று. டாக்டரம்மா சிலதைப் படித்துக் காட்டுவார். ஒருவர், நான் தூங்கிய நேரத்தை நான் எப்படிப் பார்ப்பது, பார்த்தால் அது தூக்கமா என்று கேட்டு எழுதியிருந்தார். இன்னொருவர் தன் மனைவி குறட்டை விட்ட நேரங்களை மட்டும் வரிசையாகக் குறித்துவைத்திருந்தார். ஒரு பெண், படுக்கை தண்ணீரில் மிதந்தது, கரைக்கு வரவே மனசில்லை என்று எழுதியிருந்தாள். அந்த நாட்களில் சாலையில் போகும்போது எதிரே வருகிறவர்கள் எல்லாம் அந்த எண்பதில் ஒருவராக எனக்குத் தெரிந்தார்கள். ஊர் மொத்தமும் என் கையால் மெல்ல மெல்லப் படுக்கையில் சாய்வதாகத் தோன்றும்.

உறையைப் பிரித்த நாளில் தராசக்காவையும் கூட்டிப்போனேன். அடைத்தவள் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். வெளியே தூறல். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவும், எண்களைக் கூட்டிக் கழித்த புள்ளிவிவரக்காரரும். வேர் தின்றவர்கள் முன்பைவிட முப்பத்தொரு நிமிடம் சீக்கிரம் தூங்கியிருந்தார்கள். மாவு தின்றவர்கள் இருபத்திரண்டு. என் வேர் ஜெயித்துவிட்டது. நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆனால் டாக்டரம்மாவின் கண் வேர் மேல் இல்லை, மாவு மேல் இருந்தது.

“இந்த நாப்பது பேருக்கு நாம ஒண்ணுமே குடுக்கல ஐயா. அவங்களுக்கும் இருபத்திரண்டு நிமிஷம். ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு பலம்னு நான் இதைத் தனியாவே எழுதப் போறேன். இதை வச்சு இன்னும் பத்து டாக்டருங்க யோசிப்பாங்க.”

தராசக்கா மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அது ஒண்ணுமில்லாதது இல்லம்மா,” என்றாள். “ஒவ்வொண்ணுலயும் ஒரு சிட்டிகை வேர் போட்டிருக்கேன்.”

எவ்வளவு என்று புள்ளிவிவரக்காரர் கேட்டார்.

“கால் பங்கு. எல்லாத்துலயும் ஒரே அளவுதான் சார்.” அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

“ஏம்மா?” என்றார் டாக்டரம்மா.

“தூக்கம் வராதவங்க எழுந்து போய் தண்ணி எடுத்து, நம்மள நம்பி முழுங்குவாங்க. அதுல மாவை மட்டும் வைக்க எனக்குக் கை வரல.”

எனக்கு அந்த நிமிடம் தோன்றியது வேறு. கால் பங்குக்கே இருபத்திரண்டு நிமிடம் என்றால் என் வேரின் சக்தி என்ன என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “இல்ல ஐயா. இப்ப நமக்கு எதுவுமே தெரியாது. சிட்டிகை தூங்க வச்சுதா, நெனப்பு தூங்க வச்சுதா, பிரிச்சுச் சொல்ல வழியில்ல. எண்பது பேர் ஆறு வாரம் எழுதினது வீணாப் போச்சு.”

திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும், புதிதாக எண்பது பேர், செலவு என்னுடையது. மருந்துக் கடைக் கம்பெனியின் முன்பணம் தாள் வந்த பிறகுதான். வருடம் முடிய மூன்று மாதம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அடுத்த வாரமே அவளுக்குப் பணம், கண்டக்டருக்குத் தரைத்தளம். இது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஐந்து நாள் அவளிடம் பேசவில்லை. கோபம் ஆறவில்லை, வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுப் படி ஏறினேன். நான்கு மாடி. அந்த வயதில் அப்படி ஏற வேறு எவனாலும் முடியாது, ஆனால் மூன்றாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“வாங்க முதலாளி, உள்ள எடம் இருக்கு, முன்னாடி போங்க,” என்றார் கண்டக்டர். அறை நாலடிதான். உட்கார இருந்தது கட்டில் மட்டும். அவள் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள்.

உங்கள் வீட்டுக்காரி செய்த வேலை தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவருக்கு முதல் நாளே தெரியுமாம்.

“நான்தான் சொன்னேன், வாயத் தெறக்காதேன்னு,” என்றார். “படி எறங்கத் தெரியாத முட்டி, தரைத்தளம்னதும் ஆசைப்பட்டுடுச்சு. அன்னிக்கு வந்து, எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னா. நானும் நாலு நாள் பேசல முதலாளி. நாலு மாடிக்கு மேல ரெண்டே பேர், அதுல ஒருத்தர் பேசலன்னா கூடையோடதான் பேசணும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பார்த்தேன். கீழே தெரு போய்க்கொண்டிருந்தது. குடைகள், சைக்கிள்கள், ஒரு குழந்தையின் சிவப்புச் சட்டை. பார்க்கப் பார்க்கத் தெரு நின்று அறை நகர ஆரம்பித்தது. கட்டிலும் நாற்காலியும் நானும் அவரும் எங்கேயோ ஒரு நீண்ட பாதையில் போய்க்கொண்டிருந்தோம், யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. எட்டு மாதமாக இந்த மனுஷன் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. என்ன சொல்ல வந்தேன் என்பதை அந்தப் பாதையில் எங்கேயோ தவறவிட்டுவிட்டேன்.

தராசக்கா காலி வாளியோடு வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“மறுபடியும் அடைக்கணும் தராசு. இந்தத் தடவை வெறும் மாவு. உன்னால ஆகுமா?”

“ஆகாதுண்ணே. கை போற வழியில போயிடும்.”

“அப்ப நான் அடைக்கிறேன்,” என்றேன்.

என் மனைவியிடம் சொன்னபோது, முப்பது வருடம் ஊருக்குத் தூக்கம் விற்றவர் இப்போது மாவு விற்கக் கிளம்பிவிட்டார் என்றாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. வீட்டில் ஒருவர்தான் பெருமை அடிக்கலாம் என்பது அவள் கட்சி.

ஐந்து மத்தியானம் உட்கார்ந்து ஆயிரத்து எழுநூறு மாவுக் காப்ஸ்யூல் அடைத்தேன். மூட்டை தூக்கிய விரல், தடிமன். மூடி உடையும், மாவு கொட்டும். எதிரே தராசக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, இது கொஞ்சம் கூட, இது கொஞ்சம் கம்மி என்று ஒதுக்கினாள். முதல் நாள் நான் செய்ததில் பாதி குப்பைக்குப் போயிற்று. முதலாளி என்றுகூடப் பார்க்கவில்லை. வெயில் மேஜை மேல் நகர்ந்து வந்து எங்கள் இருவர் கைக்கும் நடுவில் நிற்கும். வறுத்த மாவு வெளிச்சத்தில் புகை போல எழும்பும். ஒன்றுமில்லாததை அளந்து அளந்து மூடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றை மூடும்போதும் யாரோ ஒருவர் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை, கண் மட்டும். மூன்றாவது நாள் என் கை தானாக வேர் டின் பக்கம் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை, சத்தியமாக. தராசக்கா அதைப் பார்த்தாள். டின்னை எடுத்துத் தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மறுபடியும் எண்பது பேர், ஆறு வாரம், எண்பது நோட்டு. அன்றாட வியாபாரத்தில் வந்ததை எல்லாம் அதற்கே கொட்டினேன். தராசக்கா சம்பளம் கேட்காமல் வேலைக்கு வந்தாள். ஐந்து மாதம் ஆயிற்று, ஆறு ஆயிற்று. வருடம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது உறையைப் பிரித்தார்கள். வேருக்கு இருபத்தேழு நிமிடம், மாவுக்கு இருபத்தொன்று.

“கொஞ்சம் இருக்கற மாதிரிதான் தெரியுது ஐயா,” என்றார் டாக்டரம்மா. “ஆனா ஆறு நிமிஷம் தற்செயலாவும் வரலாம். இன்னும் நிறைய பேர்கிட்ட பாத்தாத்தான் அடிச்சுச் சொல்ல முடியும்.” முதல் தடவை நடந்ததையும் சிட்டிகையையும் ஒளிக்காமல் தாளில் எழுதினார். அடைத்தவர் என்று தராசக்கா பேரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு அவள் பதறிப்போய் வேண்டாம் என்றாள்.

கம்பெனியின் கொள்முதல் மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு நிமிடத்தை எப்படிப் போஸ்டரில் போடுவது என்று என்னிடமே கேட்டார். அதுவும் தற்செயலாக வந்த ஆறாக இருக்கலாம் என்றால் யார் வாங்குவார்கள்? ஐம்பது கிளையும் அந்தக் கேள்வியோடு கதவைச் சாத்திக்கொண்டு போயிற்று. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கேட்கிறவர்களிடம் இன்றுவரை சொல்கிறேன்: நேர்மையாக அளந்து பார்த்ததில் ஆறு நிமிடம் என் பக்கம் நிற்கிறது, எத்தனை பேர் தங்கள் சரக்கைப் பற்றி அந்த அளவுகூடச் சொல்ல முடியும்?

அன்று தராசக்கா வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மத்தியானம் போல, பஞ்சர் கடைக்காரர் வந்து வீட்டை அளந்துகொண்டு போனார் என்று மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். விரல் தன் பாட்டுக்கு அள்ளிக்கொண்டிருந்தது.

என்னிடம் ஒரு கார் இருந்தது, வெளிர் மஞ்சள். எங்கள் தெருவில் முதன்முதலில் கார் வாங்கியவன் நான். நான் ஓட்டிக்கொண்டு போனால் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போய்க் கொடுத்தேன். பேரம் பேசாமல் விற்றேன் என்று நினைக்காதீர்கள், கடைசி நோட்டு வரைக்கும் பேசினேன். திரும்பி நடந்துதான் வந்தேன், தலை நிமிர்ந்துதான் வந்தேன். வழியில் என் காரை ஒரு புதுப் பையன் உறுமவிட்டு நிறுத்தி உறுமவிட்டு ஓட்டிப் போனான். தெரு முழுக்க அது இருமிக்கொண்டே போயிற்று. யாரோ என் பழைய கனவை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி, நான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.

வருடத்தின் கடைசி நாள் காலை. தரைத்தளம் காலியாக இருந்தது. கதவு திறந்து, சுவரில் பழைய நாட்காட்டி மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் சாவிக் கொத்தோடு வாசலில் நின்றார், பஞ்சர் கடைக்காரர் அவர் பக்கத்தில் ஒரு டயரில் சாய்ந்துகொண்டிருந்தார். தராசக்கா கடைசியாகக் கொஞ்சம் அவகாசம் கேட்பதற்காக இறங்கி வந்து நின்றாள், கையில் அவகாசத்துக்குத் தேவையான எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் இன்று வேலை உண்டா என்று கேட்டாள்.

“வேலை கெடக்கட்டும். கையை நீட்டு.”

“எதுக்குண்ணே?”

“உன்னோடதுதான். மூணு மாசம் நீ விட்டுவச்சது, நாலு மாசம் நான் குடுக்காம விட்டது.”

மேலே ஜன்னல் திறந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

தராசக்கா கையை நீட்டினாள். நான் எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தேன், வாய்விட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று. பஞ்சர் கடைக்காரர் இருபதில் டயரை நிமிர்த்திப் பிடித்தார், முப்பத்தைந்தில் அதை உருட்டிக்கொண்டு போய்விட்டார். நோட்டுகள் அவள் உள்ளங்கையில் ஏறிக்கொண்டே வந்தன, கீழே விழாமல் இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. கடைசி நோட்டின் ஓரம் கிழிந்திருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு வேறொன்றை எடுத்து வைத்தேன். அறுபத்துமூன்று.